ஆப்பிரிக்க முசுறு எறும்பை இனங்கண்டு அதன் உடலை விவரித்து எழுதும் முறை

மாமரத்து இலைகளை ஒன்றோடொன்று இழுத்துச் சேர்த்து வெண்பட்டால் ஒட்டிக் கூடு கட்டும் செவ்வெறும்பை நாம் முசுறு என்றும் முயிறு என்றும் சொல்கிறோம். முயிறு என்ற சொல் சங்கப் பாட்டிலேயே அதன் இலைக்கூட்டோடு சேர்ந்து வருகிறது. அந்த எறும்பின் பேரினத்தில் இன்று உயிரோடு இருக்கும் சிற்றினங்கள் இரண்டே. ஒன்று இந்தியாவிலும் இலங்கையிலும் தொடங்கித் தென்கிழக்காசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை வாழும் நம் முசுறு. மற்றொன்று மேற்கே செனகலில் இருந்து கிழக்கே கென்யா, தான்சானியா வரையும், தெற்கே மொசாம்பிக் வரையும் அதைக் கடந்தும், காட்டு மரங்களின் உச்சியிலும் தோப்புகளிலும் வாழும் ஈக்கோஃபில்லா லாஞ்சினோடா. இந்த இரண்டாவது எறும்பின் மாதிரி ஒன்று கையில் கிடைத்தால், அதை வகைப்பாட்டில் அதற்குரிய இடத்தில் நிறுத்துவது எப்படி, அதன் உடலைப் பிறர் சரிபார்க்கும்படி எழுதுவது எப்படி என்பதையே இங்கே சொல்லப் போகிறேன். ஆப்பிரிக்க மாதிரி கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடைசிப் படியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தோட்டத்து முசுறை வைத்தே பழகலாம்; நானும் அப்படித்தான் பழகினேன்.

மாதிரியைச் சேகரித்தலும் ஒட்டுதலும்

மரத்தண்டில் ஊர்ந்து போகும் எறும்புகளை மட்டும் பிடித்து வந்தால் பாதி வேலைதான் முடியும். வெளியே இரை தேடுவதும், எல்லையைக் காப்பதும், இலைகளை இழுத்துப் பிடிப்பதும் பெரிய வேலைக்கார எறும்புகளின் பணி. அவற்றில் ஏறத்தாழப் பாதி நீளமே உள்ள சிறிய வேலைக்கார எறும்புகள் பெரும்பாலும் கூட்டுக்குள்ளேயே இருந்து முட்டைகளையும் புழுக்களையும் கவனித்துக்கொள்கின்றன. ஆகவே ஒரு முழு இலைக்கூட்டைக் காம்போடு வெட்டித் தடித்த நெகிழிப் பையில் போட்டுக் கட்டி, ஃபிரீசரில் சில மணி நேரம் வைத்த பிறகு பிரிப்பதே சரியான வழி. இந்த எறும்பைக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் சுவாஹிலி மொழியில் ‘சூடான நீர்’ என்று பொருள்படும் மாஜி மோட்டோ என்ற பெயரால் அழைப்பார்கள். கையுறை இல்லாமல் கூட்டைத் தொடுகிறவருக்கு அந்தப் பெயரின் காரணம் தனியாக விளங்கும். கென்யா போன்ற நாடுகளில் சேகரிக்கவும், சேகரித்ததை நாட்டுக்கு வெளியே அனுப்பவும் முன்அனுமதி வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரு கூட்டத்திற்குப் பல மரங்களில் பல கூடுகள் இருக்கும். முட்டையிடும் ராணி ஒருத்தி அவற்றில் ஏதோ ஒரு கூட்டில் மட்டும் இருப்பாள். எனவே ஒரு கூட்டைப் பிரித்து ராணியைக் காணவில்லை என்பதால் வியப்படைய வேண்டாம். மழைக்காலத்தையொட்டிச் சிறகுள்ள இளம் ராணிகளும் ஆண்களும் கூடுகளில் தென்படும்போது அவற்றையும் எடுத்து வைத்தால் விவரிப்பு முழுமை பெறும்.

பிரித்தெடுத்தவற்றில் ஒரு பகுதியை 95 விழுக்காடு எத்தனாலில் இட்டு வைக்க வேண்டும். பின்னாளில் மரபணு ஆய்வுக்கு அது உதவும். மற்றொரு பகுதியை ஊசியில் குத்திய முக்கோண அட்டையின் நுனியில் ஒட்டி உலர்த்த வேண்டும். அட்டையின் நுனி, எறும்பின் மார்புக்கு அடியில், நடுக்கால்களும் பின்கால்களும் தொடங்கும் இடத்திற்கு இடையே தொட்டால் போதும். நான் முதலில் ஒட்டிய மாதிரிகளில் பசை வழிந்து, மார்பையும் வயிற்றையும் இணைக்கும் இடுப்புக்கணுவின் அடிப்பக்கம் முழுவதையும் மூடிவிட்டது. இந்த எறும்பில் முதன்மையாகப் பார்க்க வேண்டிய உறுப்பே அதுதான் என்பதால் அவற்றை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அதனால் நீரில் கரையும் பசையையே பயன்படுத்துங்கள். உடல் உலர்ந்து விறைப்பதற்கு முன் நுண்ணிய ஊசியால் தாடைகளைச் சற்றே விரித்து வையுங்கள். மூடிய தாடையில் பற்களை எண்ண முடியாது.

பார்ப்பது எறும்புதானா என்பதையும் முதலிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். மிர்மராக்னே ஃபீனிசெக்ஸ் என்னும் ஆப்பிரிக்கக் குதிக்கும் சிலந்தி, இதே எறும்பின் உருவத்தையும் நிறத்தையும் நடையையும் கொண்டு அதன் கூடுகளுக்கு அருகிலேயே வாழ்கிறது. முன்கால்களை உணர்கொம்புகளைப் போல உயர்த்திக் காட்டும் அந்தச் சிலந்தி, நிழற்படத்தில் பலரையும் ஏமாற்றிவிடும். கால்களை எண்ணிப் பாருங்கள்: எட்டு இருந்தால் அது சிலந்தி.

பெயரைப் படிக்கும் முறை

இந்த எறும்பின் முழுப் பெயர் ஈக்கோஃபில்லா லாஞ்சினோடா (லாட்ரேய், 1802) என்று எழுதப்படும். இதில் அடைப்புக்குறி அழகுக்காகப் போடப்பட்டதன்று. பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லாட்ரேய் 1802-இல் இந்தச் சிற்றினத்தை முதலில் விவரித்தபோது அதை ஃபார்மிகா என்ற பேரினத்தில் வைத்தார். அக்காலத்தில் பெரும்பாலான எறும்புகளுக்கு அந்த ஒரே பேரினம்தான் புகலிடம். 1860-இல் ஃபிரெடரிக் ஸ்மித் ஈக்கோஃபில்லா என்ற புதிய பேரினத்தை நிறுவிய பிறகு இது அங்கே மாற்றப்பட்டது. முதலில் வைத்த பேரினத்தில் இருந்து வேறொன்றுக்கு மாறிய சிற்றினத்தின் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இடுவது விலங்குப் பெயரிடல் விதி. நம் முசுறும் அப்படித்தான் ஈக்கோஃபில்லா ஸ்மரக்டினா (ஃபாப்ரீசியஸ், 1775) என்று எழுதப்படுகிறது. ஆனால் பேரினத்தின் பெயரைத் தனியாக எழுதும்போது ஈக்கோஃபில்லா ஸ்மித், 1860 என்று அடைப்புக்குறி இல்லாமல்தான் எழுத வேண்டும். அடைப்புக்குறியைப் போடாமல் விட்டாலும், தேவையற்ற இடத்தில் போட்டாலும், பெயரின் வரலாறு தவறாகிவிடும். இணையக் குறிப்புகளில் நான் அடிக்கடி காணும் பிழை இது.

சொற்பொருளும் உதவியாக இருக்கும். ஈக்கோஃபில்லா என்பது வீடு, இலை என்னும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. இலைவீட்டுக்காரி என்று வைத்துக்கொள்ளலாம். லாஞ்சினோடா என்றால் நீண்ட கணுவை உடையது என்று பொருள். ஸ்மரக்டினா என்பது மரகதத்தின் நிறத்தைக் குறிக்கும். ஒருவர் நிறத்தைப் பார்த்துப் பெயரிட்டார், மற்றவர் உடலின் அமைப்பைப் பார்த்துப் பெயரிட்டார். வகைப்பாட்டிற்கு எது நெடுநாள் உதவும் என்று கேட்டால் நான் லாட்ரேய் பக்கமே நிற்பேன்.

மேலிருந்து கீழாக இறங்குதல்

எறும்புகள் அனைத்தும் குளவிகளும் தேனீக்களும் அடங்கிய ஹைமனாப்டெரா வரிசையைச் சேர்ந்த ஃபார்மிசிடே என்ற ஒரே குடும்பத்தில் அடங்கும். முழங்கையைப் போல வளைந்த உணர்கொம்பும், மார்புக்கும் வயிற்றுக் குமிழுக்கும் இடையே தனியாகப் பிரிந்து நிற்கும் இடுப்புக்கணுவும் எறும்பை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும். உண்மையான வேலை துணைக்குடும்பத்தில் தொடங்குகிறது.

முதலில் இடுப்புக்கணுக்களை எண்ணுங்கள். இரண்டு இருந்தால் மிர்மிசினே போன்ற வேறு துணைக்குடும்பத்தைத் தேட வேண்டும். ஆப்பிரிக்க மரங்களில் மிகுதியாகக் காணப்படும் கிரெமடோகாஸ்டர் எறும்புகள், கோபம் வந்தால் இதயவடிவ வயிற்றை முதுகுக்கு மேல் தூக்கும். நம் எறும்பும் வயிற்றை அப்படியே தூக்கும் என்பதால் தொலைவில் இருந்து பார்ப்பவர் குழம்புவதுண்டு. ஆனால் கிரெமடோகாஸ்டருக்குக் கணுக்கள் இரண்டு, நம் எறும்பிற்கு ஒன்று. அடுத்து வயிற்றின் நுனியைக் குறைந்தது நாற்பது மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள். அங்கே கொடுக்கு இல்லை. அதற்குப் பதிலாக வட்டமான சிறு துளை ஒன்றும், அதைச் சுற்றிக் குட்டையான மயிர்களால் ஆன வளையம் ஒன்றும் தெரியும். விளக்கைச் சற்றுப் பக்கவாட்டில் சாய்த்தால் அந்த மயிர்வளையம் தேய்ந்துபோன சிறு தூரிகையின் முனையைப் போலப் பளிச்சிடும். ஃபார்மிக் அமிலம் பீறிடும் இந்தத் துளைதான் ஃபார்மிசினே துணைக்குடும்பத்தின் அடையாளம். இந்த எறும்பு முதலில் தாடையால் கடித்துத் தோலைக் கிழித்து, பிறகு வயிற்றை வளைத்து அந்தக் காயத்தில் அமிலத்தைப் பீய்ச்சும். டோலிகோடெரினே துணைக்குடும்பத்திலும் ஒற்றைக் கணுவே உண்டு. ஆனால் அங்கே மயிர்வளையம் இல்லாத, கிடைமட்டமான பிளவுதான் இருக்கும்.

ஃபார்மிசினேக்குள் ஈக்கோஃபில்லா தனக்கென்று ஈக்கோஃபில்லினி என்ற இனக்குழுவைப் பெற்றிருக்கிறது. அதை எமெரி 1895-இல் நிறுவினார். அந்தக் குழுவில் உயிருடன் இருக்கும் பேரினம் இது ஒன்றே. புதைபடிவங்களோ பல. பால்டிக் அம்பர் எனப்படும் கல்லாகிய மரப்பிசினில் இருந்து ஒரு சிற்றினம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விவரிக்கப்பட்டது. கென்யாவில் விக்டோரியா ஏரியில் உள்ள ம்ஃபங்கானோ தீவின், ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மயோசீன் கால அடுக்குகளில் கிடைத்த ஈக்கோஃபில்லா லீக்கியி என்பதை வில்சனும் டெய்லரும் 1964-இல் விவரித்தார்கள். அது தனியொரு எறும்பன்று. புழுக்கள், கூட்டுப்புழுக்கள், இரு அளவிலான வேலைக்கார எறும்புகள் என ஒரு கூட்டமே கல்லாகியிருந்தது. வேலைக்கார எறும்புகள் பெரியவை, சிறியவை என்று இரண்டாகப் பிரிந்திருக்கும் வழக்கம் அவ்வளவு பழையது என்பதற்கு அதுவே சான்று.

பேரினத்தை உறுதிசெய்ய ஐந்தாறு உறுப்புகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் நம்பினால் தவறு நேரும். உணர்கொம்பில் கணுக்கள் பன்னிரண்டு. அவற்றில் முதலாவதான நீண்ட அடித்தண்டு தலையின் பின்விளிம்பைத் தாண்டிப் போகும். உணர்கொம்பு பொருந்தும் குழிகள், வாய்க்கு மேலே உள்ள முகத்தகட்டின் பின்விளிம்பில் இருந்து நன்றாக விலகி இருக்கும். தாடை நீண்ட முக்கோண வடிவுடையது. அதில் பத்தோ அதற்கு மேலோ பற்கள் உண்டு. நுனிப்பல் மட்டும் நீண்டு உள்நோக்கி வளைந்திருப்பதால் இரு தாடைகளும் மூடும்போது நுனிகள் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று குறுக்கிடும். மேல்வாய் உணர்விழைகளில் ஐந்து கணுக்களும் கீழ்வாய் உணர்விழைகளில் நான்கு கணுக்களும் உள்ளன. மார்பின் பின்பகுதியில், பின்கால்களின் அடிக்கு மேலே பெரும்பாலான எறும்புகளுக்கு உள்ள சுரப்பித் துளை இதற்கு இல்லை. இடுப்புக்கணுவோ மற்ற ஃபார்மிசினே எறும்புகளில் உள்ளதைப் போல நிமிர்ந்த செதிலாக நிற்காமல், நீண்டு, தாழ்ந்து, உருளை போன்று கிடக்கும்.

இந்தக் கடைசி அடையாளமே களத்தில் மிகவும் கைகொடுக்கும். அதே மரத்தில் வாழும் காம்போனோடஸ் என்னும் கட்டெறும்பு வகைகளுக்கும் உணர்கொம்பில் பன்னிரண்டு கணுக்கள் உண்டு, குழிகளும் முகத்தகட்டில் இருந்து விலகியே இருக்கும், பெரும்பாலானவற்றில் அந்தச் சுரப்பித் துளையும் இருக்காது. ஆனால் அவற்றின் கணு மேல்நோக்கி எழுந்து நிற்கும், தாடைப் பற்களும் குறைவு. பாலிராக்கிஸ் எறும்புகளில் சில பட்டால் கூடு கட்டுபவை என்றாலும், அவற்றில் பெரும்பாலானவற்றின் மார்பிலும் கணுவிலும் முட்கள் இருக்கும். ஈக்கோஃபில்லாவின் உடலில் எங்குமே முள் கிடையாது. நீண்ட கால்களும் மெலிந்த உடலும் கொண்டு மயக்கும் அனோப்லோலெபிஸ் எறும்புகளுக்கு உணர்கொம்பில் பதினொரு கணுக்களே. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் ஆப்பிரிக்க மரங்களில் நேரக்கூடிய பிழைகளில் பெரும்பகுதி விலகிவிடும்.

பேரினம் உறுதியான பிறகு, உயிருள்ள இரண்டில் எது என்ற கேள்விக்கு முதல் விடையைத் தருவது சேகரித்த இடத்தின் சீட்டு. இரண்டின் வாழிடங்களும் இயற்கையில் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஒன்று ஆப்பிரிக்க வெப்பமண்டலத்துக்கு உரியது, மற்றது ஆசிய, ஆஸ்திரேலிய வெப்பமண்டலத்துக்கு உரியது. சீட்டு இல்லாத மாதிரியை இந்தப் படியில் நிறுத்திவிட்டு, பேரினத்தின் பெயரை மட்டும் எழுதுவதே நேர்மை. இரு சிற்றினங்களின் மாதிரிகளையும் ஒரே கோணத்தில் பக்கத்தில் பக்கமாக வைத்து, இடுப்புக்கணுவின் பக்கவாட்டுக் கோட்டை ஒப்பிட்டு வரைந்த பிறகுதான் உருவ வேறுபாட்டைப் பற்றி எழுத வேண்டும்.

அளவெடுத்தல்

உருப்பெருக்கியின் கண்வில்லையில் உள்ள அளவுக்கோடுகளை, ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காகப் பிரித்த கண்ணாடி அளவுகோலோடு ஒவ்வொரு உருப்பெருக்கத்திலும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளாமல் அளக்கத் தொடங்கக் கூடாது. தலையை நேர்முகமாக வைத்தல் என்பது, முகத்தகட்டின் முன்விளிம்பும் தலையின் பின்விளிம்பும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும்படி வைப்பதாகும். தலை சற்றே குனிந்தாலும் நீளம் குறைந்து, அகலத்தோடு அதற்குள்ள விகிதம் பொய்யாகிவிடும். இந்த நிலையில் தலையின் நீளத்தையும், கண்களை விட்டுவிட்டுத் தலையின் மிகுந்த அகலத்தையும், உணர்கொம்பின் அடித்தண்டை அதன் தொடக்கத்தில் உள்ள வளைந்த கழுத்துப்பகுதியை விட்டுவிட்டும் அளக்க வேண்டும். பின்னர் எறும்பைப் பக்கவாட்டில் திருப்பி, முன்மார்பின் முன்சரிவில் இருந்து மார்பின் பின்பக்கக் கீழ்மூலை வரை சாய்வாக மார்பு நீளத்தை அளக்க வேண்டும். உடலின் முழு நீளத்தைவிட இந்த அளவு நம்பத்தக்கது. ஏனென்றால் வயிற்றுக் குமிழ் உணவு உண்டால் விரியும், உலர்ந்தால் சுருங்கும். தலை அகலத்தைத் தலை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் தலைக்குறியீடும், அடித்தண்டின் நீளத்தைத் தலை அகலத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் தண்டுக்குறியீடும் கிடைக்கும்.

ஒரே கூட்டில் இருந்து எதையும் பொறுக்காமல் கைக்கு வந்தபடி ஐம்பது எறும்புகளை எடுத்து அவற்றின் மார்பு நீளத்தை வரைபடமாக இட்டுப் பாருங்கள். தனித்தனியாக இரண்டு மேடுகள் தெரியும். இடையில் விழுபவை மிகச் சிலவே. பெரிய வேலைக்கார எறும்பின் உடல் பொதுவாக 8 முதல் 10 மி.மீ. நீளமும், சிறியது அதில் பாதியளவும் இருக்கும். ராணி 20 மி.மீ. அளவை எட்டும் பருத்த உடலுடையது. வேலைக்கார எறும்புகளில் ஒன்றின் அளவை மட்டும் கொடுத்து, அது எந்த வகை என்று சொல்லாமல் விட்ட விவரிப்பு யாருக்கும் பயன்படாது.

நிறத்தைக் கடைசியில் எழுதுங்கள்

ஆப்பிரிக்க முசுறின் நிறம் மஞ்சள் கலந்த சிவப்பில் இருந்து கரும்பழுப்பு வரை இடத்துக்கு இடம் வேறுபடும். இதை நம்பிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் பல நிறவடிவங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் சூட்டப்பட்டன. எத்தனாலில் கிடந்த எறும்பு வெளிறும், உலர்ந்தது கருக்கும், புதிதாகக் கூட்டுப்புழுவில் இருந்து வெளிவந்த இளம் எறும்பு இயல்பாகவே வெளிறியிருக்கும். ஆகவே எந்த நிலையில், எந்த வெளிச்சத்தில், சேகரித்து எத்தனை நாளுக்குப் பிறகு பார்த்த நிறம் என்பதைச் சேர்த்து எழுதினால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு. உடலின் மேற்பரப்பு நுண்ணிய வேலைப்பாட்டால் மங்கலாகத் தோன்றும். நிமிர்ந்த மயிர்கள் மிகக் குறைவு.

விவரிப்பை எழுதும் வரிசை

தலையில் தொடங்கி வயிற்றுநுனியில் முடித்து, பிறகு கால்கள், மேற்பரப்பு, மயிர், நிறம் என்று போவது வழக்கம். வினைச்சொல்லைக் குறைத்து, ஒவ்வொரு உறுப்பிற்கும் ஒரு சொற்றொடர் என்ற அளவில் எழுதினால் பிறர் ஒப்பிடுவதற்கு எளிதாக இருக்கும். பெரிய வேலைக்கார எறும்பிற்கு நான் எழுதிய குறிப்பு இவ்வாறு போகிறது: ‘தலை நேர்முகத்தில் பின்புறம் அகன்று, மூலைகள் உருண்டது. கூட்டுக்கண்கள் பெரியவை, புடைத்தவை. தாடை நீண்ட முக்கோணம். நுனிப்பல் நீண்டு வளைந்தது. உணர்கொம்பில் 12 கணுக்கள். அடித்தண்டை அடுத்த கணு, தனக்குப் பின்வரும் கணுவைவிடத் தெளிவாக நீளமானது. முன்மார்பு முன்னோக்கிக் குறுகியது. நடுமார்பு இடுங்கி, பக்கவாட்டில் சேணம் போன்ற பள்ளம் உடையது. மார்பின் பின்பகுதி தாழ்ந்து உருண்டது, முள்ளற்றது. இடுப்புக்கணு ஒன்று, நீண்டது, செதில் அற்றது. வயிற்றுக் குமிழ் முட்டை வடிவம். நுனியில் மயிர்வளையத்துடன் அமிலத்துளை. கால்கள் நீண்டு மெலிந்தவை.’

இதைத் தொடர்ந்து சிறிய வேலைக்கார எறும்பிற்கு, பெரியதில் இருந்து வேறுபடும் உறுப்புகளை மட்டும் எழுதினால் போதும். ஆணைத் தனியாக விவரிக்க வேண்டும். அதன் உணர்கொம்பில் பதின்மூன்று கணுக்கள் இருக்கும், தலை சிறியது, தாடை வலுவற்றது. சிறகு உதிர்ந்த ராணியில் சிறகு இருந்த தழும்புகள் நடுமார்பின் பக்கங்களில் தெரியும். புழுவையும் கூட்டுப்புழுவையும் பலர் விட்டுவிடுகிறார்கள். ஃபார்மிசினே எறும்புகள் பலவற்றில் கூட்டுப்புழு பட்டுறைக்குள் இருக்கும். இந்தப் பேரினத்தில் உறையே இல்லாமல் வெறுமனே கிடக்கும். காரணம் எளிது: வேலைக்கார எறும்புகள் வளர்ந்த புழுவைத் தாடையில் பிடித்து, நெசவுத்தறியின் ஓடத்தைப் போல இலைக்கு இலை கொண்டுபோய், அதன் வாயில் இருந்து வரும் பட்டை எல்லாம் கூட்டுக்கே செலவிட்டுவிடுகின்றன. ஆகவே ‘கூட்டுப்புழு உறையற்றது’ என்ற இரண்டு சொற்களையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

இறுதியில் பார்த்த மாதிரிகளின் பட்டியல் வர வேண்டும்: நாடு, ஊர், அகலாங்கு, நெட்டாங்கு, உயரம், நாள், எந்த மரத்தில் எவ்வளவு உயரத்தில் கூடு இருந்தது, சேகரித்தவர், எத்தனை எறும்புகள், அவை இப்போது எந்தச் சேகரிப்பில் உள்ளன. ஊசியில் உள்ள மாதிரிக்கும் எத்தனால் குப்பியில் உள்ள மாதிரிக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள். குப்பிக்கு வெளியே ஒட்டிய சீட்டு எத்தனால் பட்டு அழியும் என்பதால், பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே போட்டு மூடுங்கள்.